ஒவ்வாமை மூச்சுக்குழாய் அழற்சியில் லிப்பிடு நொதிகள்

ஒவ்வாமை மூச்சுக்குழாய் அழற்சி என்பது, பெரும்பாலோருக்குத் தீங்கு செய்யாத பொருள்களை உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் பகையாகக் கருதுவதால் மூச்சுக்குழாய்கள் வீங்கி, சுருங்கி, சளியால் நிறையும் நிலை ஆகும். வீட்டுத் தூசியில் வாழும் சிற்றுண்ணி, மகரந்தம், பூஞ்சை வித்துகள், கரப்பான் பூச்சியின் கழிவு, வளர்ப்பு விலங்குகளின் தோல் துகள் ஆகியவை இதைத் தூண்டும் பொதுவான பொருள்கள். ஒவ்வாமை வகை ஆஸ்துமா இந்த அழற்சியின் முதன்மையான வெளிப்பாடு.

இந்த அழற்சியை நடத்தும் வேதித் தூதுவர்களில் ஒரு பெரும் பகுதி லிப்பிடுகள், அதாவது கொழுப்பு வகையைச் சேர்ந்த சிறு மூலக்கூறுகள். செல் சவ்விலிருந்து கொழுப்பமிலத்தை வெட்டி எடுத்து, அதை அவ்வப்போது இந்தத் தூதுவர்களாக மாற்றுபவை லிப்பிடு நொதிகள். ஒரே கொழுப்பமிலம் எந்த நொதியிடம் போய்ச் சேர்கிறது என்பதைப் பொறுத்து, அது மூச்சுக்குழாயைச் சுருக்கும் பொருளாகவோ, அழற்சியை அடக்கும் பொருளாகவோ மாறுகிறது. ஆஸ்துமா மருந்துகள் சிலருக்கு நன்கு பயன்பட்டு வேறு சிலருக்குப் பயன்படாமல் போவதையும், சாதாரண வலி மாத்திரை ஒன்று சில ஆஸ்துமா நோயாளிகளுக்கு உயிராபத்தை விளைவிப்பதையும் புரிந்துகொள்ள இந்த நொதிகளின் வேலையை அறிவது அவசியம்.

ஒவ்வாமை வினையின் இரு கட்டங்கள்

ஒவ்வாமை உள்ளவரின் உடல், குறிப்பிட்ட ஒவ்வாப்பொருளுக்கு எதிராக இம்யூனோகுளோபுலின் இ என்னும் எதிர்ப்புரதத்தை உற்பத்தி செய்து வைத்திருக்கும். இது மூச்சுக்குழாய்ச் சுவரிலுள்ள மாஸ்ட் செல்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அதே ஒவ்வாப்பொருள் மீண்டும் மூச்சு வழியாக நுழைந்து இந்த எதிர்ப்புரதங்களுடன் பிணையும்போது மாஸ்ட் செல் தூண்டப்படுகிறது.

தூண்டப்பட்ட மாஸ்ட் செல் இரு வகைப் பொருள்களை வெளியிடுகிறது. ஹிஸ்டமின் முதல் வகை. இது செல்லுக்குள் சிறு துகள்களில் முன்கூட்டியே சேமிக்கப்பட்டிருப்பதால் உடனே வெளிப்படும். லூக்கோட்ரையீன்களும் புரோஸ்டாகிளாண்டின்களும் இரண்டாம் வகை. இவை எங்கும் சேமித்து வைக்கப்படுவதில்லை. தூண்டல் கிடைத்த சில நிமிடங்களுக்குள் சவ்வுக் கொழுப்பிலிருந்து புதிதாகச் செய்யப்படுகின்றன. எனவே இவற்றின் அளவைத் தீர்மானிப்பது சேமிப்பு அல்ல, நொதிகளின் செயல்வேகமே.

மூச்சுக்குழாய் சில நிமிடங்களில் சுருங்குவது உடனடிக் கட்டம். சில மணி நேரம் கழித்து ஈசினோபில் போன்ற வெள்ளையணுக்கள் திரண்டு வந்து மீண்டும் இழுப்பை உண்டாக்குவது தாமதக் கட்டம். இரு கட்டங்களிலும் லிப்பிடுத் தூதுவர்கள் பங்கேற்கின்றன. தும்மலுக்கும் தோல் அரிப்புக்கும் நன்கு பயன்படும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரைகளால் மட்டும் ஆஸ்துமாவைக் கட்டுப்படுத்த முடியாததற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

மூலப்பொருள்: அரக்கிடோனிக் அமிலம்

அரக்கிடோனிக் அமிலம் 20 கார்பன் அணுக்களும் 4 இரட்டைப் பிணைப்புகளும் கொண்ட கொழுப்பமிலம். இறைச்சி, முட்டை ஆகியவற்றிலிருந்து நேரடியாகவும், தாவர எண்ணெய்களிலுள்ள லினோலெயிக் அமிலத்திலிருந்து உடலுக்குள் மாற்றப்பட்டும் இது கிடைக்கிறது. இதிலிருந்து உருவாகும் தூதுவர்கள் அனைத்தும் ஐகோசனாய்டுகள் என்று அழைக்கப்படுகின்றன. இருபது என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது.

சாதாரண நிலையில் இந்த அமிலம் செல்லுக்குள் தனியாக உலவுவதில்லை. செல் சவ்விலுள்ள பாஸ்போலிப்பிடு மூலக்கூற்றின் நடுக் கார்பனுடன் பிணைக்கப்பட்டிருக்கும். அங்கிருந்து அதை விடுவிப்பதே முழுத் தொடரின் முதற்படி.

முதல் நொதி: பாஸ்போலிப்பேஸ் ஏ2

பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்பது ஒரு நொதிக் குடும்பத்தின் பெயர். இதன் உறுப்பினர்கள் பாஸ்போலிப்பிடின் நடுக் கார்பனிலுள்ள கொழுப்பமிலத்தை வெட்டி எடுக்கின்றன. மாஸ்ட் செல் தூண்டப்பட்டவுடன் செல்லுக்குள் கால்சியத்தின் அளவு உயர்கிறது. அப்போது செல்லின் சைட்டோபிளாசத்தில் இருக்கும் வகை, உட்கரு உறை போன்ற உட்சவ்வுகளில் போய் ஒட்டிக்கொண்டு அரக்கிடோனிக் அமிலத்தை விடுவிக்கிறது.

செல்லுக்கு வெளியே சுரக்கப்படும் வகைகளும் உள்ளன. பாம்பு நஞ்சிலும் தேனீ நஞ்சிலும் இருப்பது இந்தச் சுரப்பு வகையே. தேனீ கொட்டினால் சிலருக்கு உண்டாகும் கடும் ஒவ்வாமையில், தேனீயின் பாஸ்போலிப்பேஸ் ஏ2 முதன்மையான ஒவ்வாப்பொருள்களில் ஒன்று.

கொழுப்பமிலம் வெட்டப்பட்ட பின் எஞ்சும் பகுதியும் வீணாவதில்லை. சில செல்களில் அது இரத்தத்தட்டுச் செயலூக்கி என்னும் மற்றோர் அழற்சித் தூதுவராக மாற்றப்படுகிறது. விடுபட்ட அரக்கிடோனிக் அமிலத்தின் முன் மூன்று முக்கிய வழிகள் உள்ளன: 5-லிப்பாக்சிஜனேஸ், சைக்ளோஆக்சிஜனேஸ், 15-லிப்பாக்சிஜனேஸ்.

5-லிப்பாக்சிஜனேஸ் வழி

5-லிப்பாக்சிஜனேஸ் என்பது இரும்பு அணுவைக் கொண்ட நொதி. கொழுப்பமிலத்தின் ஐந்தாம் கார்பனில் ஆக்சிஜனைச் சேர்ப்பதால் இப்பெயர் பெற்றது. மாஸ்ட் செல், ஈசினோபில், நியூட்ரோபில், பேசோபில், மேக்ரோபேஜ் முதலிய எதிர்ப்பு மண்டலச் செல்களிலேயே இது மிகுதியாக உள்ளது. செல் தூண்டப்படும்போது இந்நொதி உட்கரு உறைக்கு நகர்கிறது. அங்குள்ள ஒரு துணைப்புரதம் அரக்கிடோனிக் அமிலத்தை இதனிடம் ஒப்படைக்கிறது. இந்தத் துணைப்புரதம் இல்லையெனில், செல்லில் நொதி இருந்தும் லூக்கோட்ரையீன் உருவாவதில்லை.

இந்த வினையில் முதலில் கிடைப்பது லூக்கோட்ரையீன் ஏ4 என்னும் நிலையற்ற பொருள். இதிலிருந்து பாதை இரண்டாகப் பிரிகிறது.

லூக்கோட்ரையீன் ஏ4 ஹைட்ரோலேஸ் என்னும் நொதி இதனுடன் நீரைச் சேர்த்தால் லூக்கோட்ரையீன் பி4 உருவாகும். இது நியூட்ரோபில்களை அழற்சி இடத்துக்கு இழுக்கும் வலிமையான ஈர்ப்புப்பொருள்.

லூக்கோட்ரையீன் சி4 சிந்தேஸ் என்னும் நொதி இதனுடன் குளூட்டாதயோனைச் சேர்த்தால் லூக்கோட்ரையீன் சி4 உருவாகும். இது செல்லுக்கு வெளியே ஏற்றப்பட்டு, அங்குள்ள நொதிகளால் முதலில் டி4 ஆகவும் பின்னர் இ4 ஆகவும் குறுக்கப்படுகிறது. இந்த மூன்றும் சிஸ்டைனைல் லூக்கோட்ரையீன்கள் எனப்படுகின்றன.

ஆஸ்துமாவில் மிகுந்த தீங்கு செய்பவை இந்த மூன்றுமே. மூச்சுக்குழாய்த் தசையைச் சுருக்குவதில் லூக்கோட்ரையீன் டி4, ஹிஸ்டமினைவிடப் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்தது. சில சோதனைகளில் இது ஆயிரம் மடங்கு வரை உள்ளது. தசைச் சுருக்கத்துடன் நில்லாமல், நுண்குழல்களிலிருந்து நீர் கசிந்து சுவர் வீங்கவும், சளி கூடவும், ஈசினோபில்கள் திரளவும் இவை காரணமாகின்றன. இவற்றுள் இ4 நெடுநேரம் நிலைத்து நின்று சிறுநீரில் வெளியேறுகிறது. எனவே சிறுநீரில் அதன் அளவைப் பார்த்து, உடலில் லூக்கோட்ரையீன் உற்பத்தி எந்த அளவில் நடக்கிறது என்று ஆய்வாளர்கள் கணிக்கின்றனர்.

ஒரு செல் செய்யாததை அண்டைச் செல் முடித்துக்கொடுப்பதும் உண்டு. இரத்தத் தட்டுகளில் 5-லிப்பாக்சிஜனேஸ் இல்லை, ஆனால் சி4 சிந்தேஸ் உள்ளது. நியூட்ரோபில் வெளிவிடும் ஏ4-ஐ வாங்கி அவை சி4 ஆக மாற்றுகின்றன. ஆகவே ஒரு நோயாளியின் மூச்சுக்குழாயில் எந்தெந்தச் செல்கள் அருகருகே கூடியுள்ளன என்பதும் லூக்கோட்ரையீனின் அளவை மாற்றும்.

கண்டுபிடிப்பு வரலாறு

1938ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் வில்ஹெல்ம் ஃபெல்ட்பெர்க், சார்லஸ் கெல்லவே ஆகியோர் நாகப்பாம்பின் நஞ்சைக் கினிப்பன்றியின் நுரையீரல் வழியே செலுத்தி ஆராய்ந்தனர். நுரையீரலிலிருந்து வெளிவந்த நீர்மத்தில் ஹிஸ்டமினுடன் வேறொரு பொருளும் இருந்தது. குடல் தசைத் துண்டின் மீது இட்டபோது, ஹிஸ்டமின் உடனே சுருக்கி விரைவில் ஓய்ந்தது. இப்புதிய பொருளோ மெல்லத் தொடங்கி நீண்ட நேரம் சுருக்கியது. ஆகவே இதற்கு மெல்வினைப் பொருள் என்று பெயரிட்டனர். 1940இல் கெல்லவேயும் டிரெத்தேவியும், பாம்பு நஞ்சு இல்லாமலேயே, ஒவ்வாமை ஊட்டப்பட்ட கினிப்பன்றியின் நுரையீரலிலிருந்தும் இத்தகைய பொருள் வெளிவருவதைக் காட்டினர். நாகப்பாம்பு நஞ்சில் பாஸ்போலிப்பேஸ் ஏ2 நிறைந்திருப்பது இன்று நமக்குத் தெரியும்.

மிகச் சிறிய அளவிலேயே கிடைத்ததால் இப்பொருளின் வேதி அமைப்பு சுமார் நாற்பது ஆண்டுகள் புதிராக இருந்தது. 1979இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பெங்கிட் சாமுவெல்சன் குழுவினர் அதன் அமைப்பை வெளிக்கொணர்ந்தனர். வெள்ளையணுக்களான லூக்கோசைட்டுகளில் உருவாவதாலும், தொடர்ச்சியான மூன்று இரட்டைப் பிணைப்புகளைக் கொண்டிருப்பதாலும் லூக்கோட்ரையீன் என்ற பெயர் வந்தது. மெல்வினைப் பொருள் என்று அழைக்கப்பட்டது சி4, டி4, இ4 ஆகியவற்றின் கலவையே என்பது தெளிவாயிற்று. புரோஸ்டாகிளாண்டின்களையும் அவற்றோடு தொடர்புடைய பொருள்களையும் ஆராய்ந்ததற்காக 1982ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு சாமுவெல்சன், சூனே பெரிஸ்ட்ரோம், ஜான் வேன் ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது.

சைக்ளோஆக்சிஜனேஸ் வழி

அரக்கிடோனிக் அமிலம் சைக்ளோஆக்சிஜனேஸ் நொதியை அடைந்தால் புரோஸ்டாகிளாண்டின் எச்2 உருவாகிறது. அதன் பின் எந்த நொதி செயல்படுகிறது என்பதைப் பொறுத்து விளைவு முற்றிலும் மாறுகிறது.

மாஸ்ட் செல்களில் அது புரோஸ்டாகிளாண்டின் டி2 ஆகிறது. இது மூச்சுக்குழாயைச் சுருக்குவதோடு, ஈசினோபில்களையும், ஒவ்வாமையை வளர்க்கும் இரண்டாம் வகை உதவி டி செல்களையும் அழைத்து வருகிறது. இந்த அழைப்பைக் கேட்கும் ஏற்பியை அடைத்தால் ஆஸ்துமா குறையும் என்ற எதிர்பார்ப்பில் ஃபெவிபிப்ரான்ட் என்னும் மருந்து உருவாக்கப்பட்டது. ஆனால் மூன்றாம் கட்டச் சோதனைகளில் அது எதிர்பார்த்த பலனைத் தராததால் ஆஸ்துமாவுக்கான முயற்சி கைவிடப்பட்டது. பல தூதுவர்கள் ஒரே வேலையைப் பகிர்ந்து செய்யும் நோயில் ஒரு வாயிலை மட்டும் அடைப்பது போதாமல் போகலாம் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

மூச்சுக்குழாயின் உட்புறத்தை மூடியுள்ள புறத்தோல் செல்களிலோ புரோஸ்டாகிளாண்டின் இ2 மிகுதியாக உருவாகிறது. உடலின் பிற இடங்களில் வலியையும் காய்ச்சலையும் உண்டாக்கும் இப்பொருள், மூச்சுக்குழாயில் பெரும்பாலும் காவலனாகவே செயல்படுகிறது. மாஸ்ட் செல்களை அமைதிப்படுத்துவதும், 5-லிப்பாக்சிஜனேஸ் வழிக்குக் கடிவாளம் இடுவதும் இதன் பணிகள்.

ஆஸ்பிரின் தூண்டும் ஆஸ்துமா

இந்தக் கடிவாளம் அறுந்தால் என்ன ஆகும் என்பதை ஆஸ்பிரின் தூண்டும் மூச்சுநோய் காட்டுகிறது. ஆஸ்துமா, மூக்கில் சதை வளர்ச்சி, ஆஸ்பிரின் போன்ற வலிநீக்கிகளால் இழுப்பு ஆகிய மூன்றும் சேர்ந்த இந்நிலையை 1922இல் பிரெஞ்சு மருத்துவர் வீடால் குழுவினர் விவரித்தனர். 1968இல் சாம்ட்டர், பீர்ஸ் ஆகியோரின் கட்டுரைக்குப் பின் இது பரவலாக அறியப்பட்டு, சாம்ட்டர் மும்மை என்றும் அழைக்கப்படுகிறது. வயதுவந்த ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரிடமும், கடும் ஆஸ்துமா உள்ளவர்களில் அதைவிடக் கூடுதலானோரிடமும் இது காணப்படுகிறது.

பார்ப்பதற்கு ஒவ்வாமை போலத் தோன்றினாலும் இது இம்யூனோகுளோபுலின் இ வழியாக நடக்கும் ஒவ்வாமை அன்று. ஆஸ்பிரின் சைக்ளோஆக்சிஜனேஸைத் தடுக்கிறது என்பதை 1971இல் ஜான் வேன் கண்டறிந்தார். 1975இல் போலந்தைச் சேர்ந்த ஆண்ட்ரே ஷ்செக்லிக் குழுவினர், இழுப்பை உண்டாக்கும் வலிநீக்கிகள் அனைத்தும் இந்த ஒரே நொதியைத் தடுப்பவை என்று சுட்டிக்காட்டினர். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் ஆகியவற்றின் வேதி அமைப்பு வெவ்வேறாக இருந்தும் ஒரே விளைவைத் தருவது இதனால்தான்.

இந்நோயாளிகளின் மூச்சுக்குழாயில் லூக்கோட்ரையீன் சி4 சிந்தேஸ் கொண்ட செல்கள் மற்றவர்களைவிட அதிகம். ஏற்கெனவே ஓங்கியிருக்கும் லூக்கோட்ரையீன் உற்பத்தியை, குறைந்த அளவில் உள்ள புரோஸ்டாகிளாண்டின் இ2 ஒருவாறு கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. வலி மாத்திரை அந்த இ2-ஐயும் நிறுத்திவிடும்போது லூக்கோட்ரையீன்கள் கட்டின்றிப் பெருகுகின்றன. மாத்திரை உண்ட அரை மணி முதல் மூன்று மணி நேரத்துக்குள் மூக்கடைப்பும் கடும் இழுப்பும் தோன்றலாம்.

எனவே ஆஸ்துமாவுடன் மூக்குச் சதை உள்ளவர்களும், வலி மாத்திரைக்குப் பின் ஒருமுறையேனும் இழுப்பு வந்தவர்களும் அதை மருத்துவரிடமும் மருந்துக்கடையிலும் முன்கூட்டியே தெரிவிப்பது மிக முக்கியம். பாராசிட்டமால் வழக்கமான அளவில் இவர்களுள் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். எனினும் எந்த மாத்திரை பாதுகாப்பானது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

15-லிப்பாக்சிஜனேஸ்: இருமுக நொதி

மூன்றாம் வழியிலுள்ள 15-லிப்பாக்சிஜனேஸ், மூச்சுக்குழாயின் புறத்தோல் செல்களில் செயல்படுகிறது. ஒவ்வாமை அழற்சியில் சுரக்கும் இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-13 ஆகிய புரதத் தூதுவர்கள் இந்நொதியின் உற்பத்தியைப் பெருக்குகின்றன. இது சவ்வு லிப்பிடுகளை ஆக்சிஜனேற்றம் செய்து, சளிப்புரதச் சுரப்பு கூடவும் புறத்தோல் செல்கள் சேதமடையவும் துணைபோகிறது.

இதே நொதி 5-லிப்பாக்சிஜனேஸுடன் இணைந்து செயல்படும்போது லிப்பாக்சின்கள் என்னும் பொருள்கள் உருவாகின்றன. 1984இல் அறியப்பட்ட இவை, வெள்ளையணுக்களின் வருகையை நிறுத்தி, வந்தவற்றை அகற்றி, அழற்சியை முடித்துவைக்கின்றன. கடும் ஆஸ்துமா உள்ளவர்களிடம் லிப்பாக்சின் ஏ4 குறைவாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அழற்சி தானாக ஓய்ந்துபோவது என்பது இல்லை; அதை ஓய வைக்கவும் நொதிகள் தேவை என்பது இதன் வழியே கிடைத்த முக்கிய அறிவு.

ஸ்பிங்கோலிப்பிடு நொதியும் மரபணுவும்

அரக்கிடோனிக் அமிலத்துக்கு வெளியேயும் லிப்பிடு நொதிகளின் பங்கு உண்டு. 2007இல் நடந்த மரபணு ஆய்வு ஒன்று, 17ஆம் குரோமோசோமில் ஓ.ஆர்.எம்.டி.எல்.3 என்னும் மரபணு உள்ள பகுதிக்கும் குழந்தைப் பருவ ஆஸ்துமாவுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. இம்மரபணு தரும் புரதம், ஸ்பிங்கோலிப்பிடுகளின் உற்பத்தியில் முதற்படியை நடத்தும் செரின் பால்மிட்டாயில் டிரான்ஸ்ஃபரேஸ் நொதியை அடக்குவது என்று பின்னர் தெரியவந்தது. இந்நொதியின் செயல் குறைக்கப்பட்ட எலிகளில், அழற்சி இல்லாமலேயே மூச்சுக்குழாய் எளிதில் சுருங்கியது.

மருந்துகள்

நொதிகளைப் பற்றிய இந்த அறிவு 1990களில் மருந்துகளாக உருப்பெற்றது. 5-லிப்பாக்சிஜனேஸை நேரடியாகத் தடுப்பது சைலூட்டான். இது 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனையுடன் தரப்படுகிறது. சாஃபிர்லூகாஸ்ட், மான்டெலூகாஸ்ட் ஆகியவை நொதியைத் தடுப்பதில்லை. உருவான லூக்கோட்ரையீன் தன் ஏற்பியில் போய்ப் பொருந்தாமல் தடுக்கின்றன. 1998இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட மான்டெலூகாஸ்ட், நாளுக்கு ஒரு மாத்திரை என்ற எளிமையால் உலகெங்கும் பரவியது. இந்தியாவில் லீவோசிட்ரிசினுடன் சேர்த்த மாத்திரையாக இது பரவலாக எழுதித் தரப்படுகிறது.

ஆஸ்துமாவுக்கு அடிப்படை மருந்து இன்றும் இன்ஹேலர் வழியே செலுத்தப்படும் ஸ்டீராய்டுதான். அது பல அழற்சி மரபணுக்களை ஒருசேர அடக்குகிறது. ஆயினும் லூக்கோட்ரையீன் உற்பத்தியை அது பெரிதாகக் குறைப்பதில்லை. எனவே ஸ்டீராய்டு மட்டும் போதாத சிலருக்கு மான்டெலூகாஸ்ட் துணை மருந்தாகப் பயன்படுகிறது. உடற்பயிற்சியால் வரும் இழுப்பிலும் ஆஸ்பிரின் தூண்டும் ஆஸ்துமாவிலும் இதன் பயன் தெளிவானது. ஆனால் லூக்கோட்ரையீனின் பங்கு குறைவாக உள்ள நோயாளிக்கு இது அதிகம் உதவாது. சராசரியாகப் பார்த்தால் இது இன்ஹேலர் ஸ்டீராய்டைவிட வலிமை குறைந்தது. இன்ஹேலரைத் தவிர்ப்பதற்காக இம்மாத்திரையை மட்டும் நம்பியிருப்பது பலருக்கு அழற்சியைக் கட்டுக்குள் கொண்டுவராது.

2020இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மான்டெலூகாஸ்டின் உறையில் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது. தூக்கக் கலக்கம், கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் முதலியவை சிலரிடம் தோன்றியதே காரணம். மூக்கு ஒவ்வாமைக்கு மட்டும் எனில், மற்ற மருந்துகள் பயன்படாதபோதே இதைத் தரலாம் என்றும் அது அறிவுறுத்தியது. குழந்தைகளின் நடத்தையில் மாற்றம் தெரிந்தால் பெற்றோர் உடனே மருத்துவரிடம் கூற வேண்டும்.

உணவும் லிப்பிடு நொதிகளும்

மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 கொழுப்பமிலங்களும் இதே நொதிகளுக்கு மூலப்பொருளாகின்றன. அவற்றிலிருந்து உருவாகும் லூக்கோட்ரையீன் பி5, பி4-ஐவிட வலிமை மிகக் குறைந்தது. அழற்சியை முடித்துவைக்கும் ரிசால்வின்களும் இவற்றிலிருந்து பிறக்கின்றன. 2016இல் வெளியான டென்மார்க் ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் நாளுக்கு 2.4 கிராம் ஒமேகா-3 எடுத்துக்கொண்ட தாய்மாரின் குழந்தைகளிடம் தொடர் இழுப்பும் ஆஸ்துமாவும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. ஆனால் ஆஸ்துமா ஏற்கெனவே வந்துவிட்டவர்களிடம் மீன் எண்ணெய் இத்தகைய உறுதியான பலனைக் காட்டவில்லை. ஆகவே அது மருந்துக்கு மாற்றாகாது.

நொதிகள் ஒரு பார்வையில்

- பாஸ்போலிப்பேஸ் ஏ2: செல் சவ்விலிருந்து அரக்கிடோனிக் அமிலத்தை விடுவிக்கிறது.
- 5-லிப்பாக்சிஜனேஸ்: லூக்கோட்ரையீன் ஏ4-ஐ உருவாக்குகிறது, சைலூட்டான் இதைத் தடுக்கிறது.
- லூக்கோட்ரையீன் ஏ4 ஹைட்ரோலேஸ்: நியூட்ரோபில்களை ஈர்க்கும் பி4-ஐ உருவாக்குகிறது.
- லூக்கோட்ரையீன் சி4 சிந்தேஸ்: மூச்சுக்குழாயைச் சுருக்கும் சிஸ்டைனைல் லூக்கோட்ரையீன்களின் தொடக்கம், ஆஸ்பிரின் தூண்டும் ஆஸ்துமாவில் மிகுதி.
- சைக்ளோஆக்சிஜனேஸ்: தீங்கு செய்யும் புரோஸ்டாகிளாண்டின் டி2, காக்கும் இ2 ஆகிய இரண்டுக்கும் வழி, ஆஸ்பிரின் இதைத் தடுக்கிறது.
- 15-லிப்பாக்சிஜனேஸ்: சளியையும் சேதத்தையும் கூட்டுகிறது, 5-லிப்பாக்சிஜனேஸுடன் சேர்ந்து லிப்பாக்சின்களையும் தருகிறது.
- செரின் பால்மிட்டாயில் டிரான்ஸ்ஃபரேஸ்: ஸ்பிங்கோலிப்பிடு உற்பத்தியின் முதற்படி, ஓ.ஆர்.எம்.டி.எல்.3 புரதம் இதை அடக்குகிறது.